ஹேப்பி டிராவலர் எந்த அறை?

இந்த மனிதருக்கு விரல் வலிக்காதா?

ஜெயப்ரியா வாய்விட்டுக் கேட்கவில்லை, நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வலித்தது கால். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை அருகிலிருந்த அந்த லாட்ஜின் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க நின்றபடிதான் வேலை செய்ய வேண்டும். கணினித் திரையில், லாட்ஜின் இணைய விமர்சனப் பக்கத்தில், 'ஹேப்பி டிராவலர்' என்ற பெயரில் யாரோ போட்ட ஏழாவது ஒற்றை நட்சத்திரம் வந்திருந்தது. அவளும் ஏழாவது முறையாக 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எழுத வேண்டும். ஒன்பது வருடத் திருமண வாழ்க்கையில் கணவன் மாதேஷிடம்கூட அவள் இரண்டே முறைதான் வருந்தியிருக்கிறாள்.

'குறை ஒன்று: மொட்டை மாடிக் குழாய் ஒழுகித் தரை வழுக்குகிறது. குறை இரண்டு: பின்பக்கப் படிக்கட்டில் நான்காவது கல் ஆடுகிறது. குறை மூன்று: வாளியின் கைப்பிடி உடைந்து விரலைக் கிழிக்கிறது.'

முதலாளி வெங்கடசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"தேவுடா! கண்ணுல வெளக்கெண்ண ஊத்திகினு பாக்கறானே! யாரும்மா இவன்?"

"தெரியலீங்க சார்."

"பிளம்பருக்கு ஃபோன் போடு. வாளி புதுசா வாங்கு. படிக்கு சிமெண்ட் பூசச் சொல்லு. அப்புறம் என்ன எழுதறான்னு பாக்கறேன்."

மாலைக்குள் எல்லாம் சரியானது. மறுநாள் காலை எட்டாவது நட்சத்திரம் வந்தது.

'குறை ஒன்று: தரை துடைக்கும் மாப்பின் கம்பு குட்டை. பார்க்கவே இடுப்பு வலிக்கிறது.'

வெங்கடசாமி மாப்பும் வாங்கினார். பிறகு ஜெயப்ரியாவிடம் திரும்பினார்.

"வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளு யாருன்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா நீ வேற எடம் பாத்துக்க."

இந்த வேலையை நம்பித்தான் அவள் காவேரிப்பட்டினத்திலிருந்து குடிவந்து மகளை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தாள். சரியென்று தலையாட்டினாள்.

முதலில் நட்சத்திரங்களை ஈடுகட்ட வேண்டும் என்றார் முதலாளி. ஊழியர்கள் பத்துப் பேரையும் வரிசையாக நிறுத்தி, "இனிமையான அனுபவம்! சொந்த வீடு போலவே இருந்தது!" என்று சொல்லச் சொல்ல, எல்லாரும் அவரவர் ஃபோனில் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். துப்புரவு வேலை செய்யும் காளியம்மாளிடம் பட்டன் ஃபோன்; அவள் மட்டும் தப்பித்தாள்.

பத்தே நிமிடத்தில் ஒன்பது பேர், ஒரே இரண்டு வரி. பெங்களூரிலிருந்து யாரோ கீழே எழுதினார்: 'ஒன்பது பேருக்கும் ஒரே சொந்த வீடா?' இன்னொருவர்: 'ஐந்து நட்சத்திரம் போட்டால்தான் அறைச் சாவி தருவார்களா?' அதைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். ஓசூரை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்கள் வந்து ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போனார்கள்.

"ரிஜிஸ்டர எடு. போன மாசம் தங்கினவங்களுக்கு ஒவ்வொருத்தரா ஃபோன் பண்ணு."

மூன்றாவது எண்ணில் ஒரு பெண் குரல் எடுத்தது.

"வணக்கம்ங்க. போன மாசம் சார் எங்க லாட்ஜ்ல தங்கினாரு, அதப்பத்திக் கேக்கலாம்னு..."

"ஓசூர்லயா? அவரு திருப்பதிக்கில்ல போனாரு?"

ஜெயப்ரியா ரிசீவரை மெதுவாக வைத்தாள். அரை மணியில் ஒரு நட்சத்திரம் விழுந்தது: 'குடும்பத்தைக் கெடுக்கும் லாட்ஜ்.'

அவள் வருந்துகிறோம் என்று எழுதினாள். அந்த 'றோம்' என்பதற்குள் தன்னைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை என்று அப்போது தோன்றியது.

வியாழனன்று முதலாளிக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது.

"குறை ஒன்று, குறை ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதறான் பாத்தியா? ஃபேக்டரி ஆளு! குவாலிட்டிக்காரன்! இருநூத்தி நாலுல இருக்கறானே பிரேம்குமார், அவந்தான்."

உடனே இருநூற்று நான்குக்கு உபசாரம் தொடங்கியது. பழத்தட்டு போனது. இளநீர் போனது. கூடுதல் தலையணை போனது. ஆறாவது முறை கதவு தட்டப்பட்டபோது பிரேம்குமார் லுங்கியோடு கீழே இறங்கி வந்தார்.

"மேடம், நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டனா?"

"இல்லீங்க சார்."

"நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தேன். தூங்க விட மாட்டேங்கறாங்களே!"

மேலே போனவர் தன் பெயரிலேயே ஒற்றை நட்சத்திரம் போட்டார். வெங்கடசாமி மேசையைத் தட்டினார்.

"மாட்டினான்!"

வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார்.

"அவன் ஃபேக்டரி மேனேஜருக்கு ஒரு கம்ப்ளைண்ட் எழுது. ரிசப்ஷன்ல உங்கிட்ட வம்பு பண்ணான்னு."

"பண்ணலீங்களே சார்."

"அது எனக்கும் தெரியும். என் பேர்ல எழுதினா அந்தக் கம்பெனி நமக்குத் தர்ற ரூம் ஆர்டர் போயிரும். நீ கையெழுத்து போட்டீன்னா பயந்துகினு எல்லாத்தையும் அழிச்சிருவான்."

தாள் மேசைமேல் கிடந்தது. பொய்யாக வருந்துவது இந்த வேலையோடு வந்தது, இது வேலையோடு வந்ததில்லை என்று அவள் நினைத்தாள். நினைத்ததும் கால் வலிகூடக் கொஞ்சம் குறைந்தாற்போல் இருந்தது.

"போட மாட்டேங்க சார்."

"என்னது?"

"போட மாட்டேன்." பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப திங்கக்கிழமைலருந்து வராத!" அவர் தாளைக் கசக்கிக்கொண்டு வெளியே போனார்.

புது மாப்போடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்த காளியம்மாள் நிமிர்ந்தாள்.

"அவரு போட்ட சத்தத்துக்கா கண்ணு மூஞ்சி வாடிப்போச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"நானும் மூணு வருசமா இவருகிட்ட வாயால சொல்லிகினேதான் இருந்தேன், கொழா, படி, வாளின்னு. காதுல போட்டுக்கல. எம்பொண்ணு நிர்மலா ஃபேக்டரில குவாலிட்டில இருக்கறா இல்ல, அவ ஃபோன்ல எழுதினா ஒரே நாள்ல ஆவுது." காளியம்மாள் மாப்பைப் பிழிந்தாள். "சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சி வரட்டும். மேசைல அந்தப் பொண்ணு இல்லாங்காட்டி இந்த லாட்ஜுக்கு வரவே மாட்டேன்னு போடச் சொல்றேன். கூடவே உனக்கு ஒரு சேரும் கேக்கட்டுமா?"