வெந்நீரில் மூன்று லட்சத்து எண்பதாயிரம் கோடி

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நலம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. அங்கு நீங்களும் உங்கள் மருந்துக் கடையும் நலமாக இருக்க வேண்டும். என் கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இம்முறை நடுக்கத்துக்குக் காரணம் நரம்பு நோய் அல்ல. நான் செய்த காரியம்.

நீங்கள் சிபாரிசு செய்து என்னைச் சேர்த்துவிட்ட ஆய்வைப் பற்றித்தான் சொல்கிறேன். முதல் நாள் டாக்டரம்மா என்ன சொன்னார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "ஐயா, உங்க உடம்போட காவல்காரங்களே உங்க நரம்பைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறாங்க. குடல்ல நல்ல கிருமி சேர்ந்தா அவங்க கொஞ்சம் அடங்குவாங்களான்னு பாக்கத்தான் இந்த ஆய்வு. பலன் இருக்கான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு வர்றது நெஜத் தூளா வெறும் மாவான்னு எனக்கே தெரியாது." ஒரு பொட்டலத்தில் ஐயாயிரம் கோடி கிருமிகள் என்றார். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் ஒற்றைக் கிருமியைக்கூட உயிரோடு விடாமல் துரத்தியவன் நான். எனக்கு நாற்காலியே ஆடியது. ஆனாலும் விரல் மரத்து இரண்டு வருடமாகச் சட்டைப் பொத்தானை உங்கள் அக்காதான் போட்டுவிடுகிறாள். ஒப்புக்கொண்டேன்.

என் முறை இதுதான். காலை ஏழு மணிக்குத் தண்ணீரைத் தளதளவென்று பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, டம்ளரில் ஊற்றிவிட்டு, நேரத்தைக் குறிக்க மேசைக்குப் போவேன். பொட்டலத்தைக் கிழிக்க என் விரலுக்குத் திராணி இல்லை. உங்கள் அக்கா கிழித்துக் கலந்து, ஆற்றிக் கொடுப்பாள். எழுபத்தாறு நாள், ஒரு நாள் தவறவில்லை. நேற்று காலியான பொட்டலப் பெட்டியில் குண்டூசி போட்டு வைக்கலாமென்று ஆய்வு எண் ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் பொடி எழுத்தில், "வெந்நீரில் கலக்கக் கூடாது. கிருமிகள் இறந்துவிடும்." பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை படித்தேன். கணக்குப் போட்டால் மூன்று லட்சத்து எண்பதாயிரம் கோடி! அத்தனையும் என் கையால். இதில் இன்னொரு அதிர்ச்சி, போன வாரம் மேல் பொத்தான் இரண்டை நானே போட்டேன். செத்த கிருமி பொத்தான் போடுமா, சொல்லுங்க? அப்படியானால் எல்லாம் என் மனப்பிரமையா? இல்லை, பொத்தான் துளைதான் தேய்ந்து பெரிசாயிடுச்சா? ஸ்கேலை வெச்சு அளந்தே பாத்துட்டேன், துளை அப்படியேதான் இருக்கு. எனக்கு ஒண்ணுமே புரியல. உங்கள் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியமில்லை.

என்னால் ஓர் ஆராய்ச்சியே பாழாகக் கூடாது. என்னை ஆய்விலிருந்து நீக்கிவிடும்படி எழுதிய மன்னிப்புக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள். அவர் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள், இப்படிப்பட்டவனின் ஆசி செல்லுமென்றால்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் முன் உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டாள். "எதுக்குங்க இந்த ஒப்பாரி? பச்சத் தண்ணியில கலக்கணும்னு நர்ஸ் மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டாங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் வெந்நியக் கொட்டிட்டு வேற தண்ணியிலதான் கலந்தேன்."

"வேற தண்ணின்னா?"

"குழாய்த் தண்ணி."

"கொதிக்க வைக்காமலா? எழுபத்தாறு நாளா?"

"முப்பத்து நாலு வருஷமா நல்ல தண்ணின்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

மன்னிப்புக் கடிதத்தை எடுத்துவிட்டேன். சட்டையைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தேன். மூன்றாவது பொத்தானும் ஏறுகிறது.