ஜவ்வாது மலையில் நான் கண்டுபிடித்த கடல்

அறிவாளி என்று பெயரெடுக்கும் ஆசை எனக்கு இருபத்து மூன்று வயதில் வந்தது. அறிவு வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டதுதான் கோளாறு.

அறுபதுகளின் தொடக்கம். ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் தற்காலிக டியூட்டராக இருந்தேன். பாறை பார்ப்பதற்காகப் பன்னிரண்டு மாணவர்களோடு ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். எங்கள் பேராசிரியர் குஜராத்தில் கட்ச் பக்கம் ஒரு மாதம் அலைந்துவிட்டு, ஜோலார்பேட்டையில் ரயிலிறங்கி நேரே மலைக்கு வந்தார். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் ஒற்றையடிப் பாதை. தோளில் கான்வாஸ் பையோடு நடந்து வந்தவர், காய்ச்சலில் பையை மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை வாயில் வேப்பங்குச்சியோடு அந்தப் பாதையில் நடந்தேன். காலில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தால், கல்லாகிப்போன சங்கு. நாலடி தள்ளி ஒரு சிப்பி. அப்புறம் காசு போல வட்டவட்டமாக, கடல்தரையில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள், இரண்டு கை நிறைய. எல்லாம் இயோசீன் காலத்துச் சமாச்சாரம், நாலைந்து கோடி வருடப் பழசு.

ஜவ்வாது மலைப் பாறையோ பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருவானது. சங்கும் சிப்பியும் உலகில் தலைகாட்டுவதற்கு எவ்வளவோ முந்தையது. அதில் கடல் ஓடு கிடைக்கவே கிடைக்காது என்று முந்தின நாள்தான் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கியிருந்தேன். (புத்தியுள்ளவன் கையிலிருந்த சங்கைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் முந்தின நாள் பாடத்தைச் சந்தேகப்பட்டேன்.)

குடத்தோடு எதிரே வந்த ஓர் அம்மாளிடம் முதல் அறிவிப்பைச் செய்தேன்.

"இந்த எடம் ஒரு காலத்துல கடலா இருந்திச்சும்மா."

"இன்னா சார் சொல்றீங்க. ஒரு கொடம் தண்ணிக்கு நான் வெடியறதுக்குள்ள கெளம்புறேன்" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

பேராசிரியரை எழுப்பவில்லை. காய்ச்சல்காரரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற கருணை. (பொய். பங்கு கேட்பாரோ என்ற பயம்.) கல்கத்தாவில் ஒரு பெரிய ஆய்வாளருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். இதெல்லாம் புது இனம் என்று முடிவுகட்டி, என் பெயரை வைத்தே 'சுந்தரமூர்த்தியென்சிஸ்' என்று லத்தீன் பாணியில் பெயரையும் நானே சூட்டினேன். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி தோல் ஷாப்புக்குப் போகும் ஜீப்பைத் தேடி ஓடி, டிரைவர் பாயிடம் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தேன்.

மத்தியானம் பேராசிரியருக்குக் காய்ச்சல் தணிந்தது. கட்ச்சில் பொறுக்கிய ஓடுகளைக் காட்ட, மாணவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பையைத் திறந்தார். உள்ளே விட்ட கை அடிப்பக்கமாக வெளியே வந்தது. தையல் பிரிந்திருந்தது.

"ஒரு மாச உழைப்பு, சுந்தரம்" என்றார்.

அந்த ஒரு மாசம் அப்போது என் கால்சட்டைப் பைகளில் இருந்தது. நான் எழுந்து, "பாதையில தேடிட்டு வர்றேன் சார்" என்றேன். "நல்ல பிள்ளைப்பா நீ" என்றார். அதற்கு அவர் அடித்திருக்கலாம்.

ஜீப் அடிவாரத்தில் இன்னொரு மூட்டை ஏற்ற நிற்கும் என்று கேள்விப்பட்டுக் குறுக்கே சரிவில் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்கு. பாதித் தூரம் உருண்டேன். அந்தக் கடிதம் கல்கத்தா போனால் வேலை போகும், பேராசிரியரின் மானமும் சேர்ந்து போகும். திருட்டுப் பட்டம் வேறு.

புளியமரத்தடியில் ஜீப் நின்றிருந்தது. பாய் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், லெட்டர்…"

"வண்டியிலதான் கீது சார். ஸ்டாம்பு ஒட்டாம குடுத்துட்டுப் போய்ட்டீங்களே. நாளைக்குக் கேட்டுக்கினு போடலாம்னு வச்சிருந்தேன்." என் கிழிந்த சட்டையையும் முழங்காலையும் பார்த்தார். "பொண்ணுக்கு எழுதினதா சார்? வுடுங்க. அவசரத்துல எழுதறதெல்லாம் போடாம இருக்கிறதே நல்லது."

அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கொடுத்த தண்ணீரைப் போல ஒரு தண்ணீரை இன்றுவரை நான் குடித்ததில்லை.

திரும்பிப் போய்க் கற்களைப் பேராசிரியர் முன் கொட்டினேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அதோடு விட்டிருந்தால் நான் வீரன். ஆனால் பொய் சொல்லவும் மூச்சு வேண்டுமே, ஓடி ஓடி அதுவும் தீர்ந்திருந்தது. அவரைத் தனியே அழைத்துக் கடிதத்தை நீட்டினேன்.

நாலு பக்கமும் படித்தார். பேனாவைத் திறந்து ஒரே ஓர் இடத்தில் அடித்துத் திருத்தினார்.

"'என்சிஸ்' ஊர் பேருக்குத்தாம்ப்பா போடணும். ஆள் பேருன்னா கடைசியில வெறும் 'ஐ' எழுத்து போதும்."

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தும் நிறுத்தவில்லை. வேலை தப்பித்தது என்று எனக்குத் தெரிந்தபோது நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதுகொண்டே.

கடிதத்தை அவர் திருப்பித் தரவில்லை. இரண்டு வருடம் கழித்து என் கல்யாணத்தில், வாழ்த்துரைக்குப் பதிலாக அதை முழுசாக வாசித்தார். மணமேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளை. நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டவள் மணப்பெண்.

இன்றைக்கும் நான் வீட்டில், "இங்க பாரேன், என்னமோ கிடைச்சிருக்கு" என்று ஆரம்பித்தால் போதும். அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்:

"யாரு தொலைச்சதுன்னு கேட்டீங்களா?"