பூரி, கிழங்கு, அப்புறம் முதலை

ஒரு காட்டில் ஒரு முதலை இருந்தது. அது இருப்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கதை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதில் யார் மாட்டினார்கள் என்பது.

அந்தக் காட்டு ஆறு ஓரிடத்தில் வளைந்து மடுவாகத் தேங்கி நிற்கும். முதலை அங்கேதான் குடியிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிடும் தைரியம் யாருக்கும் இல்லாததால் 'மடுக்காரர்' என்பார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பசித்தால் சாப்பிடுவார். பசிக்காவிட்டால் வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்வார். இரண்டுக்கும் முகம் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் சங்கடம்.

மடுக்கரையில் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் கூழாங்கல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அங்கேயே இட்டுவிடும். முட்டையும் கல் மாதிரியேதான் இருக்கும். ஆகவே கரையில் எது அசைந்தாலும் செம்மூக்கிக்கு வயிறு கலங்கும். வயிறு கலங்கினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கத்தினாள் என்றால் அக்கரையில் தூங்குகிற ஆந்தைகூட எழுந்து உட்கார்ந்து யாரைத் திட்டுவது என்று தேடும். மான் தண்ணீர் குடிக்கும்போது மடுக்காரர் அசைந்தால் கத்துவாள், மான் ஓடிவிடும். அதற்காக மான் நன்றி சொன்னதும் இல்லை, மடுக்காரர் கோபித்துக்கொண்டதும் இல்லை.

"உன்ற பொழப்பு கத்தறது, என்ற பொழப்பு கவ்வறது. இதுல என்ன அம்மிணி கோவம்" என்பார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குணசீலன் வந்தார். குணசீலன் ஒரு மரநாய். டவுனில் ஒரு பேக்கரியின் கூரைக்குள் பிறந்து, கேக் வாசத்திலேயே வளர்ந்து, கழுத்தில் டை கட்டப் பழகியவர். மடுவைப் பார்த்ததும் கையைத் தட்டினார். மூங்கில் குடிசைகள் முளைத்தன, சாப்பாட்டுக் கூடம் வந்தது, 'மடுக்கரை இயற்கை விடுதி' என்று பலகை ஏறியது. குணசீலனே மேனேஜர். வாராவாரம் டவுனிலிருந்து வேன் நிறைய விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். குரைக்க ஆளில்லாமல் அலுத்துப்போன நாய்கள், சோபாவில் படுத்துப் படுத்து முதுகுவலி வந்த பூனைகள், கூண்டிலேயே முட்டை போட்டுச் சலித்த கோழிகள்.

அவர்கள் யாருக்கும் ஆள்காட்டியின் பாஷை தெரியாது. செம்மூக்கி கத்தினால் போதும், "வாங்க, வாங்க, வரவேற்புப் பாட்டுப் பாடுது" என்று போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கே ஓடி வந்தார்கள். அவள் இன்னும் பலமாகக் கத்துவாள். அவர்கள் இன்னும் கிட்டே வருவார்கள். மடுக்காரர் தண்ணீருக்குள் கிடந்தபடி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாஞ் சும்மாதான் கெடக்கறேன் அம்மிணி. நீயே எலை போட்டுப் பரிமாறறே" என்றார். அவளுக்கு அழுகையாக வந்தது.

ஒருநாள் பப்லு என்கிற பொமரேனியன், ஒரு 'பாறை'யோடு சேர்ந்து செல்பி எடுக்கக் கரையில் இறங்கினார். செம்மூக்கி கத்தினாள். பப்லு அவளைப் படம் பிடிக்கலாமென்று திரும்பினார். திரும்பியதால் தலை தப்பியது. வால் இருந்த திசையில் பாறை வாயை மூடிக்கொண்டது.

டவுனுக்குப் போன பிறகு பப்லு விடுதியைப் பற்றி இப்படி எழுதினார்: 'குருவிச் சத்தம் தாங்க முடியவில்லை. வால் போய்விட்டது. பூரி அருமை. மூன்று நட்சத்திரம்.'

மூன்று நட்சத்திரத்தைப் பார்த்து குணசீலனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. உடனே சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார். ரேஞ்சர் யானை வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கருமந்தி வந்தார். சம்பந்தப்பட்டவர் என்ற முறையில் மடுக்காரரையும் கூப்பிட்டு, வாசலுக்கு வெளியிலேயே பாய் போட்டுக் கொடுத்தார்கள். செம்மூக்கி ஜன்னல் ஓரத்தில் ஒற்றைக்காலில் நின்றாள். மனசு முட்டைமேல் இருந்தது.

"விருந்தாளிகளை யார் எச்சரிக்கிறது? அதை இன்னைக்கே முடிவு பண்ணியாகணும்" என்றார் குணசீலன்.

"முதலை தண்ணிக்குள்ள இருந்தா எங்க பொறுப்புங்க. கரையேறிட்டா பஞ்சாயத்து" என்றது யானை.

கருமந்தி தாடையைச் சொறிந்தார். "அன்னைக்கு எங்கீங்க இருந்துச்சு?"

"பாதி தண்ணியில, பாதி கரையிலங்க."

"வாலைக் கடிச்சது எந்தப் பாதி?"

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். மடுக்காரர் யோசித்தார். "தலைப் பக்கத்துப் பாதிங்க" என்றார். குறித்துக்கொண்டார்கள்.

"நீங்களே கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லப்படாதுங்களா?" என்று யானை அவரிடமே கேட்டது.

"நான் பகல் பூரா வாயைத் தொறந்து வெச்சுட்டுத்தானுங்க படுத்திருக்கறேன். இதுக்கு மேல எப்பிடீங்க தெரியப்படுத்தறது?"

அதிலும் நியாயம் இருந்தது.

"ஒரு போர்டு வெச்சுட்டாப் போகுது" என்றார் கருமந்தி.

"யார் வைக்கிறது? போர்டு வெச்சா, வெச்சவருக்கு விஷயம் தெரியும்னு ஆயிடும். தெரிஞ்சும் ஏன் விட்டேன்னு அவரைத்தான் கேட்பாங்க" என்றார் குணசீலன்.

போர்டு யோசனை அதோடு செத்தது. செம்மூக்கிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நாந்தான் கத்தறேனுங்களே. அது எச்சரிக்கைதானுங்க."

"அது சத்தம்மா. எச்சரிக்கைன்னா அதுக்கு ஒரு வாசகம் வேணும்" என்றார் குணசீலன். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. யானைக்கும் வந்தது. கருமந்திக்கும் வந்தது. மூவரும் ஒருசேர ஜன்னலைப் பார்த்தார்கள். எந்த ஆபீசிலும் இல்லாதவள், எப்படியும் கரையிலேயே கிடக்கிறவள், வாயும் இருக்கிறவள்.

இப்படியாக செம்மூக்கி 'எச்சரிக்கை அலுவலர் (பொறுப்பு)' ஆனாள்.

வாசகத்தை எல்லோரும் சேர்ந்து எழுதினார்கள். குணசீலன் வரவேற்பும் பூரியும் சேர்த்தார். கருமந்தி தன் பெயரைச் சேர்த்தார். யானை மரங்களைச் சேர்த்தது. முதலை என்ற சொல்லைப் போட்டால் ஒரு குடிசைகூட நிரம்பாது என்று குணசீலன் 'நீர்வாழ் மூத்த உறவினர்' என்று எழுதினார். "உறவினர்ங்கறது பரவால்லீங்க, மூத்தங்கறது வேண்டாம்" என்று வாசலிலிருந்து ஆட்சேபணை வந்தது. செம்மூக்கி விடவில்லை. முதலை என்று சொல்லாமல் என்ன எச்சரிக்கை என்று ஒற்றைக்காலில் நின்றாள், ஏற்கனவே அப்படித்தான் நின்றிருந்தாள். கடைசியில் குணசீலன் இறங்கி வந்தார். "சரி, இருக்கட்டும். ஆனா கடைசியில."

அவர் ரெண்டு நிபந்தனையும் போட்டார். வாசகத்தை மெல்லிய குரலில், ஆரம்பத்திலிருந்து, வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். இடையில் நின்றுபோனால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. "ரெண்டாவது, இனிமேல் ஒரு தடவை கத்தினாலும் கரையைக் காலி பண்ணணும். நீ போற வரைக்கும்கூட முட்டை இருக்காது. ஆம்லெட்டுக்கு ஆர்டர் நிறைய இருக்கு."

செம்மூக்கி தலையை ஆட்டினாள். அன்று ராத்திரி முட்டைகளைப் புரட்டிப் போட்டபோது உள்ளே லேசாக ஒரு தட்டல் கேட்டது. இன்னும் கொஞ்ச நாள்தான். அது வரைக்கும் வாயை அடக்கினால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு கோழி அம்மாள் நேராகத் தண்ணீரைப் பார்க்கப் போனார். மடுக்காரரின் கண்கள் மேலே வந்தன. செம்மூக்கி தொண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வணக்கம். மடுக்கரை இயற்கை விடுதி தங்களை அன்புடன் வரவேற்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் கருமந்தியார் தங்களை வாழ்த்துகிறார். காலை உணவு எட்டு மணி முதல். பூரி, கிழங்கு. கிழங்கு தீர்ந்துவிட்டால் சட்னி..."

"கிழங்கு தீந்துருமா?" என்றார் கோழி அம்மாள். சிறகை விரித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார்.

செம்மூக்கிக்கு நம்ப முடியவில்லை. அடுத்து வந்த பூனையும் அந்த வரியிலேயே திரும்பியது. அதற்கடுத்து வந்த நாய்க் குடும்பம் 'வரவேற்கிறது' தாண்டுவதற்குள் பூரி வாசத்துக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முதலை வரைக்கும் ஒருவர்கூட நிற்கவில்லை. ஒருவரையும் முதலை தொடவும் இல்லை. நட்சத்திரம் ஐந்தாக ஏறியது. குணசீலன் நடக்கும்போதே டை ஆடியது.

மடுக்காரர்தான் இளைத்துப் போனார். "அம்மிணி, நீ கத்துனப்பவாவது நாலு பேரு கிட்ட வந்தாங்க. உன்ற பூரி என்ற வயித்துல அடிக்குது" என்றார்.

"எனக்கும் வேற வழி இல்லீங்களே" என்றாள் செம்மூக்கி.

பிறகு அந்த எருமை வந்தது. சேற்றைத் தேடிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வந்த அது, ஒரு காலைச் சரியாக முட்டைகளுக்கு மேலே தூக்கியது. வாசகமெல்லாம் பறந்துபோனது. செம்மூக்கி கத்திவிட்டாள். ஒரே ஒரு கத்தல், அதுவும் பாதியில் விழுங்கியது. எருமை காலைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டது. போகிற வழியில் மேனேஜரிடம் புகாரும் சொல்லிவிட்டுப் போனது.

மதியம் குணசீலனே கரைக்கு இறங்கி வந்தார். கையில் ஒரு பிரம்புக் கூடை. அடியில் வைக்கோல் போட்டிருந்தது. செம்மூக்கி முட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னம்மா பேசினோம்?"

"முட்டையை மிதிக்க வந்துட்டாருங்க. தெரியாமக் கத்திட்டேனுங்க."

"எருமைக்கும் வாசகம்தான் சொல்லணும்."

"சொல்லி முடிக்கறதுக்குள்ள மிதிச்சிருப்பாருங்களே."

"அது வேற டிபார்ட்மென்ட்." குணசீலன் கூடையைக் கீழே வைத்தார். தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். மீசையில் கிழங்கு.

அவருக்குப் பின்னால், தண்ணீரில், இரண்டு கண்கள் மேலே வந்தன.

செம்மூக்கிக்கு வயிறு கலங்கியது. கத்தல் அலகு வரைக்கும் வந்து நின்றது. "மேனேஜர், பின்னால..."

"என்னது இது, மொட்டையா?" என்று குணசீலன் விரலை உயர்த்தினார். "உனக்குக் கடைசியா ஒரு வாய்ப்புத் தர்றேன். என்னை விருந்தாளின்னு நினைச்சுக்கோ. வாசகத்தைச் சொல்லு. சரியாச் சொன்னா முட்டை உனக்கு. கத்தினா கூடைக்கு."

அவள் கூடையைப் பார்த்தாள். முட்டைகளைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள்.

"வணக்கம்" என்றாள். "மடுக்கரை இயற்கை விடுதி தங்களை அன்புடன் வரவேற்கிறது..."

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி. ஆரம்பத்துலேர்ந்து."

மடுக்காரர் ஒரு முழம் நகர்ந்தார். செம்மூக்கி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். வரவேற்றாள். தலைவரை வாழ்த்த வைத்தாள். பூரி வந்தது, கிழங்கு வந்தது. ஓடிவிடுவார் என்று ஒரு கணம் நப்பாசைப்பட்டாள். குணசீலன் ஏப்பம்தான் விட்டார். காடு முழுவதிலும் அந்த வரிக்கு நகராத ஒரே பிராணி அவர். கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கச்சேரி கேட்பவர்போல ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். "மரங்களில் பெயர் செதுக்காதீர்" வந்தது. "குப்பையைத் தொட்டியில் போடுவீர்" வந்தது. நினைத்திருந்தால் அவள் கடைசி வரிக்குத் தாவியிருக்கலாம். தாவவில்லை.

"தாங்கள் தற்போது நிற்கும் இடத்துக்கு அருகில், தங்கள் மேலான கவனத்துக்கு," என்றாள். குரல் நடுங்கவில்லை. "முதலை."

மேடைக்குக் கீழே தன் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த பிரமுகர்போல மடுக்காரர் எழுந்து வந்தார்.

"அரு..." என்றார் குணசீலன்.

தண்ணீர் அடங்கியபோது டை மட்டும் மிதந்தது.

விசாரணைக்கு யானை வந்தது. "சொன்னியா அம்மிணி?"

"சொன்னேனுங்க."

"முழுசாவா?"

"முழுசா ஒருக்கா. அதுக்கு முன்னால கொஞ்சம், அவரே நிறுத்திட்டாருங்க."

"கத்துனியா?"

"இல்லீங்க."

யானை பெருமூச்சு விட்டது. அத்தனை நிம்மதியான பெருமூச்சை அந்தக் காடு கேட்டதில்லை. எச்சரிக்கை முறைப்படி தரப்பட்டிருக்கிறது. ஆகவே யார் மேலும் தப்பு இல்லை. சம்பவம் தண்ணீரிலா கரையிலா என்று கேட்க வேண்டிய தேவைகூட எழவில்லை. கருமந்தி ஒரு கூட்டம் போட்டு செம்மூக்கிக்குப் பொன்னாடை போர்த்தினார். அதற்குள்ளிருந்து வெளியே வர அவளுக்கு வெகுநேரம் ஆனது. பதவியிலிருந்து 'பொறுப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு நிரந்தரமாக்கினார்கள். புது மேனேஜராக ஒரு கீரி வந்தார். அவர் கரைப்பக்கமே வருவதில்லை.

பிரம்புக் கூடை அங்கேயே கிடந்தது. வைக்கோல் மெத்தென்று இருந்ததால் செம்மூக்கி முட்டைகளை அதற்குள் உருட்டி வைத்துக்கொண்டாள். அவள் வம்சத்தில் கூடு என்று ஒன்று வாய்த்தது அவளுக்குத்தான். அதிலேயே குஞ்சுகள் பொரிந்தன.

ஒரு காலையில் மான் தண்ணீர் குடிக்க வந்தது. செம்மூக்கி இரை தேடிப் போயிருந்தாள். மடுக்காரரின் கண்கள் மேலே வந்தன. கூடையின் விளிம்பில் நின்ற கடைக்குட்டிக் குஞ்சு அதைப் பார்த்தது. அதற்கு வயிறு கலங்கியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வணக்கம்" என்றது குஞ்சு.

இவ்வளவு மரியாதையாக யாரும் பேசிக் கேட்டிராத மான், மேற்கொண்டு என்ன சொல்லப் போகிறது என்று காதை விரித்துக்கொண்டு நின்றது.

நீதி: முதலையைப் பார்த்துக் கத்தினால் முட்டை போகும், முறையாகப் பேசினால் பொன்னாடை வரும். கேட்பவர்கள் பூரி வரியிலேயே கிளம்பிவிடுவது உடம்புக்கு நல்லது.