அப்பா இப்போதைக்கு வருவதற்கில்லை

அன்பு மகளுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் அவ்வளவு சௌக்கியம் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கால்பந்து கோச் வேலையை விட்டுவிட்டு உங்களோடு வந்து இருக்கச் சொல்லி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ஏழெட்டுத் தடவை படித்தேன். இந்தச் சமயத்தில் அது நடக்காத காரியம். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

உனக்குத் தெரியாததில்லை. இருபத்திரண்டு வருஷம் கால்பந்து ஆடினேன், எனக்கென்று ஒரு இடம் கிடையாது. கோல்கீப்பருக்குக் காய்ச்சல் என்றால் நான் கோல்கீப்பர், டிஃபன்ஸில் ஒருவன் காலை உடைத்துக்கொண்டால் நான் டிஃபன்ஸ், ஃபார்வர்டு கல்யாணத்துக்குப் போனால் நான் ஃபார்வர்டு. கல்யாணமே அவனுக்குத்தான், போகாதே என்று சொல்ல முடியுமா? எந்த இடத்திலும் ஆடக்கூடியவர் என்று பத்திரிகையில் எழுதினார்கள். உன் அம்மா அதைப் படித்துவிட்டு, "எல்லா இடத்துலயும் நிக்கிறீங்க, வீட்ல மட்டும்தான் நிக்க மாட்டேங்கிறீங்க" என்றாள். இப்போது வீட்டில்தான் நிற்கிறேன், பார்க்க அவள் இல்லை. சாப்பாட்டு மேஜையில் நாலு நாற்காலி இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி உட்காருகிறேன், தேய்மானம் சமமாக இருக்கட்டும் என்று.

விஷயத்துக்கு வருகிறேன். கோச் ஆனதும், எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைத்தான் இந்தக் கிளப் அணிக்குக் கற்றுக்கொடுத்தேன்: ஆள் இல்லாத இடத்தைப் பார், ஓடிப்போய் நில். மூன்று மாதம் இதே பாடம். நன்றாகவே கற்றுக்கொண்டார்கள், அதுதான் வினையாகப் போயிற்று. முதல் போட்டி தொடங்கிய நாலாவது நிமிஷம் இடது மூலை காலியாக இருந்தது. பதினொரு பேரும் அங்கே ஓடினார்கள், கோல்கீப்பர் உள்பட. அவன் தபால்காரன், ஓட்டத்தில் அவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். எதிரணி ஆட்டக்காரன் காலி கோலுக்கு முன்னால் பந்தோடு நின்று, விசில் அடித்துவிட்டார்களா என்று ரெஃப்ரியைப் பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும் மெதுவாக உருட்டிவிட்டான். இப்படியே ஏழு கோல். இடைவேளையில் ரெஃப்ரி வந்து, "சார், இது என்ன திட்டம்?" என்று மரியாதையாகக் கேட்டார். "இன்னும் இவங்களுக்கு முழுசா படியல" என்றேன்.

மறுநாள் கிளப் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். சின்ன வயதில் என் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாராம். எந்த இடத்தில் ஆடினேன் என்றுதான் அவருக்கு நினைவு வரவில்லை. என்னாலும் அவருக்கு உதவ முடியவில்லை.

இந்த நிலைமையில் அணியை அம்போ என்று விட்டுவிட்டு வந்தால் நன்றாகவா இருக்கும்? கோல்கீப்பரைக் கோலில் நிற்கப் பழக்க வேண்டும். அதுவுமல்லாமல், உன் வீட்டில் எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது. சமையலை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார், குழந்தையை நீ பார்த்துக்கொள்கிறாய். நான் வந்து என்ன செய்ய? இந்த சீசன் முடியட்டும், பார்க்கலாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அன்று டீ குடித்து முடித்ததுமே, புதுக் கோச் வருகிறார் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அவர் வந்து மூன்று வாரமாகிறது. கெட்டிக்காரர். கோல்கீப்பர் இப்போது கோலை விட்டு நகர்வதில்லை, இரண்டு போட்டி ஜெயித்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் மைதான வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறேன். நேற்று கோல்கீப்பர் என்னைக் கண்டுபிடித்து, "சார், உள்ள வாங்க" என்றான். சும்மா நடக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் இன்று இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னால் தனியாக இருக்க முடியவில்லை, அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ரயிலில் வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை அனுப்பாதே, நீயே வா.