நெத்திலிப் பானையும் மூன்று நாட்டு விசாவும்

எங்கள் பக்கத்தில் ஒருவர் “அத்த வுடு, நான் பாத்துக்கறேன்” என்று சொன்னால், அந்தக் காரியத்தை இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்று பொருள். இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அப்படிச் சொன்னவன் நான். அனுபவித்தவர் என் மாமா.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது. செங்கல்பட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சரக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஆனால் கார்பன் தாள் வைத்து ஒரே அழுத்தில் மூன்று பிரதி எடுக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எந்த ஆபீஸ் பாரமும் பெரிசில்லை என்று ஒரு நினைப்பு. சட்டைப் பையில் இரண்டு பேனா. (ஒன்றில்தான் மை இருக்கும்.)

என் அக்கா சரோஜாவை மாமல்லபுரத்தில் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் மாணிக்கம் மாமா கல் சிற்பி. வெள்ளைக்காரர்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி சாண் உயரப் பிள்ளையாராகச் செதுக்கி அவருக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து ஒரு கோயில் கமிட்டி கடிதம் போட்டது. ஆளுயர முருகன் ஒன்று வேண்டும், அங்கேயே வந்து செய்ய வேண்டும், பிறகு சிங்கப்பூரில் ஒரு கோயிலில் வேலை, திரும்பும் வழியில் கொழும்பில் ஒன்று. ஆளுயரம்! மாமா கடிதத்தை என்னிடம் கொடுத்து அந்த ஒரு வரியை மட்டும் நாலு தடவை படிக்கச் சொன்னார்.

கடிதத்தின் அடியில் நாலு சமாச்சாரம் கேட்டிருந்தார்கள். பாஸ்போர்ட், மூன்று நாட்டு விசா, ஊசி போட்டதற்கான மஞ்சள் புத்தகம், மூன்று நாட்டுக்கும் சேர்த்துப் பயண இன்சூரன்ஸ். உயரத்தில் ஏறி வேலை செய்கிற ஆள் என்பதால் இன்சூரன்ஸ் இல்லாமல் கப்பல் ஏற வேண்டாம், இந்தக் கப்பலில் வர முடியாவிட்டால் வேறு சிற்பியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

“அத்த வுடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

நாலு மாதம் மெட்ராசுக்கும் செங்கல்பட்டுக்குமாக அலைந்தேன். பொய் சொல்லக் கூடாது, மூன்று காரியத்தை ஒழுங்காகவே முடித்தேன். பாஸ்போர்ட் வந்தது. விசா மூன்றும் ஒவ்வொன்றாகக் குத்தப்பட்டன. காலரா ஊசியும் அம்மை ஊசியும் போட்டுக் கை வீங்கி, மாமா ஒரு வாரம் உளியைத் தொடவில்லை. இன்சூரன்ஸ்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பாரிமுனையில் மாடி மேல் ஒரு ஆபீஸ். ஒரு பாரத்தைக் கொடுத்து, நிரப்பி, பாஸ்போர்ட்டையும் விசாக்களையும் அசலாகக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை நாள், எவ்வளவு உயரத்தில் வேலை, இதற்கு முன் விழுந்ததுண்டா என்று இங்கிலீஷில் இருபது கேள்வி. பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டு பேனா வைத்திருக்கிறவன் எப்படிக் கேட்பான்? மாமாவிடம் கையெழுத்தை மட்டும் வாங்கி, பாரத்தை மடித்துப் பையில் வைத்தேன். அது பையிலேயே பழுப்பேறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அக்கா கேட்டாள். “இன்சூரன்சு இன்னா ஆச்சி?”

“முடிஞ்சிடுச்சி” என்றேன்.

அக்கா சந்தோஷத்தில் இன்னொரு துண்டு வஞ்சிரத்தை என் இலையில் வைத்தாள். என் மானம் போன விலை அந்த ஒரு துண்டுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் போய் முடித்துவிடலாம் என்பது என் திட்டம். கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் அக்கா காலண்டரைப் பார்த்துவிட்டாள். கப்பல் கிளம்பும் புதன்கிழமை அஷ்டமி. அதற்கு முந்தின வியாழக்கிழமையே பரஸ்தானம் வைத்துவிட வேண்டும் என்றாள்.

கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், முன்னாலேயே ஒரு நல்ல நேரத்தில் பயணச் சாமான் எதையாவது போகும் திசையில் இருக்கிற இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாக அர்த்தம். வைத்ததை நடுவில் எடுக்கக் கூடாது. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரவே கூடாது. சாதாரணமாக ஒரு வேட்டியைத்தான் வைப்பார்கள். அக்காவும் வேட்டியை மடித்து, மஞ்சள் கிழங்கும் பாக்கும் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அந்தப் பேப்பருங்களையும் குடு. எல்லாந்தான் முடிஞ்சிடுச்சே.”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டையும் மஞ்சள் புத்தகத்தையும் எடுத்து நீட்டினேன். இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நீளக் கவரையும் கூட வைத்தேன். (உள்ளே லாரி ஆபீசின் வெற்று ரசீது.) அக்கா எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் மூட்டை கட்டினாள்.

பினாங்கு இருப்பது கிழக்கே. மாமல்லபுரத்தில் கிழக்கே போனால் எத்தனை வீடு இருக்கும்? மீனவர் குப்பத்தில் கடைசி வீடு கன்னியம்மாவுடையது. அதற்கு அப்புறம் கடல். கன்னியம்மா அக்காவுக்குத் தினமும் மீன் கொடுக்கிறவள், நல்ல சிநேகம். அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவர். அக்கா மூட்டையை அவள் கையில் கொடுத்து, “புதன்கிழமைக்கு முன்னால யார் கேட்டாலும் குடுக்காத. இவனே கேட்டாலும் குடுக்காத” என்று என்னைக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வெள்ளிக்கிழமை காலை போய்க் கேட்டேன். ஒரு நாள் மட்டும் கொடு, திருப்பி வைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். கன்னியம்மா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நடுவுல எடுத்தா கடலுக்குப் போறவங்களுக்கு ஆவாது தம்பி. உங்க மாமா மட்டுமா கடலுக்குப் போறாரு? எங்க வூட்டு ஆளும் அங்கதான் கீறாரு.”

அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் வெட்கம் கெட்ட புத்திக்கு வழி இருந்தது. சனிக்கிழமை காலை கட்டுமரங்கள் கரை சேரும் நேரம் குப்பமே தண்ணீர் ஓரம் போய்விடும். அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மா வீட்டுக்குள் நுழைந்தேன். ஓலைத் தட்டிதான் கதவு. பரணில் பார்த்தேன், பாய்ச் சுருளில் பார்த்தேன், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தேன். இல்லை. மூலையில் ஒரு பெரிய பானை, மூடி மேல் கல். மூடியை எடுத்ததும் நெத்திலிக் கருவாட்டு வாசம் மூஞ்சியில் அறைந்தது. முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினேன். விரலில் துணி தட்டியது.

அப்போதுதான் வாசலில் வெளிச்சம் மறைந்தது. கூடையும் கையுமாக ஐந்தாறு பெண்கள்.

“அடப் பாவி, கருவாடு திருடுறான்டி” என்றாள் முன்னால் நின்றவள்.

கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தின் மேல் என்னை உட்கார வைத்தார்கள். கட்டவில்லை, அடிக்கவில்லை. அதுதான் கஷ்டம். சுற்றி நின்று விசாரித்தார்கள். “பாக்க ஆபீசரு மாதிரி கீறான். ரெண்டு பேனா வேற.” “பேனாவ வெச்சிக்கினு கருவாடு எதுக்கு?” “மெட்ராசுக்குப் போயி வித்துட்டு வருவான் போல.” அதற்குள் யாரோ ஓடிப் போய் அக்காவையும் மாமாவையும் கூட்டி வந்துவிட்டார்கள். மாமா அப்படியே பட்டறையிலிருந்து வந்திருந்தார், புருவத்தில்கூடக் கல் தூசி.

“இன்னாடா இது?” என்றாள் அக்கா.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. ஒன்று, கருவாட்டுத் திருடன். இன்னொன்று, இன்சூரன்ஸ் முடிந்ததாகப் பொய் சொன்னவன். நான் யோசிக்கவே இல்லை.

“ஆசையா இருந்திச்சி, அதான்” என்றேன்.

அக்கா அழுதுவிட்டாள். “கேட்டா நான் செஞ்சி குடுத்திருக்க மாட்டனா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அழுகையைப் பார்த்துக் கன்னியம்மாவுக்கு மனசு கரைந்துவிட்டது. “போனாப் போவுது சரோசா, வயித்துப் பசி” என்று உள்ளே போய்ப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு இரண்டு கை நிறைய நெத்திலி அள்ளிப் போட்டாள். மூன்றாவது கை அள்ளும்போது மஞ்சள் மூட்டை மேலே வந்தது.

“ஐயோ, இதுக்குள்ளயா வெச்ச?” என்றாள் அக்கா.

“எங்க வூட்டுல பூட்டு போட்ட பெட்டி இதாம்மா.”

மாமா மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிரித்தார். பாஸ்போர்ட்டை எடுத்தார், மஞ்சள் புத்தகத்தை எடுத்தார், நீளக் கவரைப் பிரித்து வெற்று ரசீதைக் கையில் பிடித்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் காலியாக இருக்கிற தாளைத் தெரியாதா?

“இன்சூரன்சு?”

“அது...”

“முடிஞ்சிடுச்சின்னியே.”

“முடிஞ்ச மாதிரிதான் மாமா.”

கன்னியம்மாதான் கடைசியில் கேட்டாள். “அப்ப நீ கருவாடு திருட வரலியா?”

“இல்ல.”

“அதுக்குக் கருவாடே திருடி இருக்கலாம்” என்றாள்.

மாமா என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த தூசியை வேட்டியில் துடைத்துவிட்டு, விசா அடித்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், அழியாமல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இனி மூட்டையை எப்படி மெட்ராசுக்குக் கொண்டுபோவது என்று அக்கா தவித்தாள். அதற்கும் கன்னியம்மாவே தீர்ப்பு சொன்னாள். மூட்டை உங்கள் வீட்டுக்குத்தானே திரும்பக் கூடாது? நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், காரியம் முடிந்ததும் என் வீட்டுக்கே எடுத்துப் போகிறேன். வைத்தது வைத்தபடி என்னிடம்தான் இருக்கும் என்றாள். எந்த வக்கீலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

திங்கட்கிழமை மாமா, கன்னியம்மா, நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். மூட்டை கன்னியம்மாவின் மீன் கூடையில், கூடை அவள் மடியில். இன்சூரன்ஸ் ஆபீசில் ஒரு கண்ணாடிக்காரர் மூட்டையைப் பிரித்தார். முதலில் மேலே ஃபேனைப் பார்த்தார், அப்புறம் கன்னியம்மாவைப் பார்த்தார், அப்புறம் பாஸ்போர்ட்டை மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டென்று எடுத்தார். பிறகு பாரத்திலிருந்த கேள்விகளைத் தமிழில் கேட்டார். மாமா பதில் சொன்னார்.

“உயரத்துல ஏறி வேலை செய்வீங்களா?”

“ஏறுவேன்.”

“முன்ன எப்பவாவது விழுந்திருக்கீங்களா?”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “முந்தாநேத்து வரைக்கும் இல்ல” என்றார்.

இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. நாலு மாதம் நான் பயந்த காரியம், புரியவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கக்கூடிய காரியம்.

புதன்கிழமை துறைமுகத்துக்கு எல்லோரும் போனோம். கேட்டுக்குள் போகும் வரை மூட்டையை யார் வைத்துக்கொள்வது என்று வந்தபோது நான் கையை நீட்டினேன். மாமா என் கையில் குடையைக் கொடுத்தார். மூட்டையைக் கன்னியம்மாவிடம் கொடுத்தார். அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அன்றைக்கு முழுக்க யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

மாமா பத்து மாதம் கழித்து நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஆளுயர முருகன் பினாங்கில் நிற்கிறார். மூன்று நாட்டு அதிகாரிகளும் பாஸ்போர்ட்டை வாங்கியதும் முதலில் மோந்து பார்த்ததாகவும், கொழும்புக்காரர் மட்டும் “நெத்திலியா?” என்று சரியாகக் கேட்டதாகவும் மாமா சொல்வார். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் மூக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையை மாமா பந்தலில் எல்லோர் முன்னாலும் மோந்து பார்த்தார். என் மனைவிக்குக் காரணம் அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது.

போன மாதம் என் மகள் மூன்று நாடு சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள். விசாவும் இன்சூரன்சும் உட்கார்ந்த இடத்திலேயே போனில் முடிந்துவிட்டதாம். தாள்களை அச்செடுத்து என்னிடம் காட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொள்வதற்குள் அவளே அவற்றைத் திரும்ப வாங்கி மூக்கில் வைத்து, ஆழமாக இழுத்துப் பார்த்தாள்.

“வாசமே வரலியேப்பா. நீ முடிச்சிக் குடுத்தாத்தான் முடிஞ்ச மாதிரி இருக்கும்” என்றாள்.