தயவு பண்ணி கைது பண்ணுங்க சார்!

நேத்து எனக்கு இருந்தது ஒரே வேல. வெல்லம் வாங்கினு மலைக்குப் போவணும். அவ்ளோதான்.

கல்வராயன் மலையில பொண்டாட்டி வூட்டு கொலசாமிக்குப் பொங்கல். சொந்தக்காரங்களோட அவ காலையிலயே ஏறிட்டா. "பொங்கல் கொதிக்கறதுக்குள்ள வெல்லம் வரலன்னா, எங்கண்ணனுங்க முன்னாடி என் மானம் போயிடும்"னு சொல்லிட்டுத்தான் போனா. நானும் சின்னசேலத்துல ஒரு மூட்ட வெல்லம் வாங்கி பைக்ல கட்டிகினு கெளம்பிட்டேன்.

அந்த மலைக்கு மூட்டையா வெல்லம் எடுத்துகினு போறவன் ரெண்டே ரகம். ஒருத்தன் சாராயம் காய்ச்சறவன். இன்னொருத்தன் என்னாட்டம் கூமுட்ட.

அடிவாரத்து செக்போஸ்ட்ல ஏட்டய்யா கை காட்டினாரு.

"இன்னாய்யா மூட்டையில?"

"வெல்லம் சார்."

"யாருக்கு?"

சாமிக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிது. ஆனா பிரியாணி போடறாங்கன்னு போன வாரந்தான் ஒரு சட்ட உரிமை முகாமுக்குப் போய்ட்டு வந்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"பதில் சொல்லச் சொல்லி என்னைக் கட்டாயப்படுத்த முடியாது சார்!"

ஏட்டய்யா ஒரு மாதிரி பாத்தாரு. "ஓகோ! வண்டிய ஓரங்கட்டு. உள்ள வந்து ஒக்காரு."

"எதுக்குக் கைது பண்றீங்கன்னு சொல்லணும். வூட்டுக்குத் தகவல் குடுக்கணும். வக்கீல வெச்சிக்க வுடணும்!"

"அதெல்லாம் கைது பண்ணாத்தான்யா. உன்ன யாரு கைது பண்ணா? சும்மா விசாரணை."

அடடே! "அப்ப நான் கெளம்பட்டா சார்?"

"அது எப்டி? விசாரிக்கணும் இல்ல?"

"சரி, விசாரிங்க."

"நீதான் பதில் சொல்லமாட்டேன்னியே!"

மேல ஒல கொதிச்சிகினு இருக்கும். "சாமி பொங்கலுக்குத்தான் சார், சத்தியமா!"ன்னு கத்தனேன்.

"இப்ப யோசிச்சி சொல்ற. இன்ஸ்பெக்டர் அய்யா வரட்டும்."

"அப்ப கைதாவது பண்ணுங்க சார்! உங்களுக்குப் புண்ணியமாப் போவும். என் உரிமையெல்லாம் அப்பத்தான் ஆரம்பிக்குது!"

அவருக்கே பாவமாப் போச்சு. பொண்டாட்டி நம்பர வாங்கி ஸ்பீக்கர்ல போட்டு, வெல்லம் யாருக்கும்மான்னு கேட்டாரு.

"ஐயோ சார், அது கொலசாமிக்கு! வெல்லம் வரலன்னா சாமி குத்தமாயிடும்!"

ஏட்டய்யா தொப்பியக் கழட்டிட்டாரு. சட்டத்துக்கு அசையாத மனுசன், சாமின்னதும் ஆடிப்போய்ட்டாரு.

"உங்க வூட்டுக்காரரு இத மொதல்லயே சொல்லலம்மா. ரொம்ப சட்டம் பேசறாரு. இன்ஸ்பெக்டர் அய்யா வராம அவர வுட முடியாது."

"அவர நீங்களே வெச்சிக்கோங்க சார். வெல்லத்த மட்டும் மலை மேல வர்ற வெள்ளிமல பஸ்ல ஏத்தி வுடுங்க!"

ஏட்டய்யா தன் கையாலயே மூட்டையத் தூக்கி பஸ்ல வெச்சி, கண்டக்டர்கிட்ட "பத்திரம்யா, சாமி பொருளு"ன்னாரு. நான் பெஞ்சுலயே ஒக்காந்துகினு இருந்தேன், பொழுது சாயற வரைக்கும். அப்பவும் கைது பண்ணல.

பொங்கல் ரொம்ப நல்லா இருந்துதாம்.