லேடீஸ் பலகைக்குக் கீழே மூன்று ஆண்கள்

அடுத்தவர்களின் சரக்கைத் தரம் பிரித்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தங்களைத் தரம் பிரிக்கத் தெரியாது. இதை உலக நீதியாகச் சொல்லவில்லை. என் கதையைத்தான் சொல்கிறேன்.

மாத்தளையில் ஒரு வாசனைத் திரவியக் கம்பனியில் அப்போது நான் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். கல்யாணம் ஆகாத வயது, கையில் ஒரு டிப்ளோமா, மூக்கு நுனியில் கோபம். மிளகை ஒரு பிடி அள்ளினாலே அது கனமான மிளகா, பாதி பதரா என்று சொல்லிவிடுவேன். (பிறகு நிறுத்துப் பார்த்தும் உறுதி செய்வேன். வாய் ஜாலம் மட்டும் இல்லை.) அந்தப் பிரிவின் மனேஜர் வெளிநாடு போய்விட்டார். அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்காரத் தகுதியானவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றவர் பாஹிம், எனக்குப் பிறகு சேர்ந்தவர், விற்பனைப் பக்கம் கெட்டிக்காரர், நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் முதலாளி சிவகுரு சேர் அந்த நாற்காலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஹொலந்திலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் வருகிறார், அவர் போன பிறகு பார்ப்போம் என்றார். வருகிறவருக்குக் கோல்ஃப் என்றால் உயிராம். மாத்தளைக்கு மேலே மலையில் பழைய துரைமார் காலத்து கிளப் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை அங்கே விளையாட நான்கு பேர் வேண்டும். முதலாளி, டச்சுக்காரர், பாஹிம், நான்.

எனக்கு கோல்ஃப் தெரியுமா என்று முதலாளி கேட்டார். பாடசாலையில் எல்லே விளையாடியிருக்கிறேன், சேர், மட்டைதானே என்றேன். (எல்லேயில் பந்து நம்மை நோக்கி வரும். கோல்ஃபில் அது சும்மா கிடந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதுதான் பிரச்சினை என்று அப்போது தெரியாது.) அந்த வாரம் முழுவதும் மாலை நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் குடைக் கம்பியால் எலுமிச்சங்காய்களை அடித்துப் பழகினேன். அடிபட்ட காய்களை அம்மா ஊறுகாய் போட்டார். அந்த வருஷம் எங்கள் தெருவில் யாரும் ஊறுகாய் வாங்கவில்லை.

சனிக்கிழமை காலை கிளப்புக்குப் போனோம். எங்கள் கோல்ஃப் பைகளைத் தூக்க ராமையா அண்ணன் வந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் எல்லாம் பல்.

கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கிற இடத்துக்கு டீ என்று பெயர். (குடிக்கிறதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஒரே இடம் இல்லை, மூன்று இடங்கள். ஆகப் பின்னால் வெள்ளைக் கட்டைகள் நட்டிருப்பார்கள். அது தூரம் அடிக்கிற போட்டிக்காரர்களுக்கு. நடுவில் மஞ்சள். குழிக்குக் கிட்டே, முன்னால், சிவப்பு. அவரவர் எவ்வளவு தூரம் அடிப்பாரோ அதற்கேற்ற இடத்தில் நின்று அடிக்கலாம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கிளப்பில் சிவப்புக் கட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து, லேடீஸ் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

முதலாளி மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

“கலா, லேடீஸுக்கு முன்னுக்கு எடம் இருக்கு. நீங்க அங்க போய் நில்லுங்க.”

அந்த வார்த்தையை நான் கம்பனியில் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லேடீஸ் ஆறு மணிக்கு முன் வீட்டுக்குப் போகட்டும். லேடீஸ் கலேவெல ஸ்டோருக்குப் போக வேண்டாம், லொறிக்காரர்கள் இருப்பார்கள். எல்லாம் அக்கறைதான். அந்த அக்கறையிலேயே நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரே மேசையில் இருந்தேன்.

“இல்லிங்க சேர். ஆம்பளைங்க நிக்கிற எடத்துலதான் நானும் நிப்பேன்” என்றேன்.

மஞ்சள் கட்டையோடு நின்றிருந்தாலும் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். எனக்கு அது போதவில்லை. மஞ்சளையும் தாண்டி விறுவிறு என்று வெள்ளைக்கே போய் நின்றேன். ராமையா அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, அது போட்டிக்காரங்க நிக்கிற எடம் பாப்பா என்று மெதுவாகச் சொன்னார். நானும் போட்டிக்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன். பொய் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது அந்த டச்சுக்காரர், ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர், நிதானமாக நடந்து போய் சிவப்புக் கட்டைகளுக்கு நடுவில் நின்றார். தோளில் ஆபரேஷன் செய்திருக்கிறாராம். இப்போது அவர் அடி அவ்வளவு தூரம் போகாதாம், இங்கிருந்து அடித்தால்தான் விளையாட்டாக இருக்குமாம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கக்கூட இல்லை.

எங்கள் முதலாளிக்கு முழங்கால் வலி, தொந்தி வேறு. மஞ்சளில் நின்று கஷ்டப்பட வந்தவர், விருந்தாளியைத் தனியாக நிற்க விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓட்டமாகச் சிவப்புக்குப் போனார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. பாஹிம் என்னைப் பார்த்தார், எங்களுக்கு முன்னால் குறுக்கே ஓடிய ஓடையைப் பார்த்தார்.

“எனக்கு இங்கேருந்து ஏலா கலா” என்றார். அவரும் போய்விட்டார்.

ஆக, லேடீஸ் பலகைக்குக் கீழே மூன்று ஆண்கள். அங்கிருந்த ஒரே லேடி ஆகப் பின்னால், தனியாக, கோயில் திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி நின்றாள். அந்த நிமிஷமே சிரித்துவிட்டு முன்னால் போயிருக்கலாம். சபதம் போட்டவளுக்குக் கால் நகருமா?

அந்த ஓடை முதல் குழிக்கே குறுக்கே ஓடுகிறது. சிவப்புக் கட்டைகள் ஓடைக்கு அந்தப் பக்கம், வெள்ளை இந்தப் பக்கம். ஆகப் பின்னால் நிற்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். மூன்று பேரும் ஒதுங்கி நின்று என்னைப் பார்த்தார்கள். ஓங்கி ஒரு அடி அடித்தேன். காற்று நன்றாக அடிபட்டது. இரண்டாம் முறை பந்தில் பட்டது, பந்து ஓடையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்தது ஒரு கல்லில் பட்டுத் திரும்பி என்னிடமே வந்தது. அதைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றியது. பந்துகள் எல்லாம் முதலாளியுடையவை, கொழும்பிலிருந்து ஆசையாக வாங்கி வந்தவை. ஒவ்வொன்று விழும்போதும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சாவு விழுந்தது.

ஓடை இல்லாத குழிகளில் இன்னொரு கொடுமை. என்னுடைய முழுப் பலத்தையும் போட்டு அடித்தால் பந்து உருண்டு உருண்டு சரியாகச் சிவப்புக் கட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். லேடீஸ் டீக்குப் போகமாட்டேன் என்று சொன்ன நான், குழிக்குக் குழி இரண்டாவது அடியை அங்கே நின்றுதான் அடித்தேன். மற்ற மூன்று பேரும் அதே இடத்தில் நின்று முதல் அடி அடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். பாஹிமும் இதற்கு முன் விளையாடியவர் இல்லை. ஆனாலும் அவர் பந்து சின்னதாக, நேராகப் போய்க்கொண்டிருந்தது. டச்சுக்காரர் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டே நடந்தார். அந்த நாற்காலி பாஹிமோடு சேர்ந்து நடந்து போவது எனக்குப் பின்னாலிருந்து நன்றாகத் தெரிந்தது. பின்னால் நிற்பதில் அந்த ஒரு வசதி இருந்தது.

நடுவில் எங்கோ, வியர்வை கண்ணில் வழிய நின்றபோது, ரத்தோட்டையிலிருந்து வந்த ஒரு விவசாயி ஞாபகத்துக்கு வந்தார். முந்தின வாரம் மிளகு கொண்டுவந்திருந்தார். முற்றுவதற்கு முன் பறித்த காய், லேசாக இருந்தது. இரண்டாம் தரத்தில் போடுங்கள், அங்கே இதற்கு நல்ல மதிப்புக் கிடைக்கும், முதல் தரத்தில் போட்டால் திருப்பித்தான் அனுப்புவார்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்து மிளகு என்றைக்கும் முதல் தரம்தான் என்று கோபித்துக்கொண்டு மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். மத்தியானச் சாப்பாட்டில் பாஹிமிடம் அவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தேன். இப்போது அந்த மனிதர் எதிரில் வந்தால் காலில் விழுந்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அவர் மிளகின் கனத்தை நான் சொன்னதை, தன் குடும்பத்தின் கனத்தைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

கடைசிக் குழிக்கு வந்தபோது மறுபடியும் அதே ஓடை. எல்லோருக்கும் பசி. முதலாளி பையைத் துழாவி ஒரு பந்தை எடுத்து என் கையில் வைத்தார்.

“இதுதாங்க கடைசி” என்றார். கெஞ்சுகிற குரல்.

பாலத்தைக் கடந்து சிவப்புக் கட்டைகளுக்குப் போனேன். அடித்தேன். பந்து மேலே எழும்பி, நேராகப் போய், புல்லில் இறங்கி, குழிக்குப் போகிற பாதையில் பிள்ளை மாதிரி உட்கார்ந்தது. அடடா, இதற்குத்தானா இந்தக் கூட்டம் பைத்தியமாக அலைகிறது என்று அப்போதுதான் விளங்கியது. அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. காலையிலிருந்து மூன்று ஆண்கள் நின்ற இடம் இது, அந்தப் பலகையை எடுக்கச் சொல்லுங்கள் சேர் என்றேன். பாஹிம் அதை டச்சுக்காரருக்குச் சொன்னார். அவர் அப்போதுதான் பலகையைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் ராமையா அண்ணனின் போன் வந்துவிட்டது. பாப்பா ஓடைக்குப் பந்தால அர்ச்சனை பண்ணிருச்சு என்று சொல்லியிருந்தார். அம்மா கதவைத் திறந்தபோதே சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பாஹிம் மனேஜராக இருக்கட்டும், கலா அவருக்கு உதவியாக இருக்கட்டும், ஒன்றிரண்டு வருஷம் போகட்டும் என்றார். பிறகு என்னிடம் தனியாக, இதமாக,

“சனிக்கெழம நீங்களே பாத்தீங்கதானே. எடுத்தவுடனே பின்னுக்குப் போய் நின்னா கஷ்டம். மொதல்ல முன்னுக்கு நின்னு பழகுங்க” என்றார்.

நான் தலையாட்டப் போனேன். உண்மையாகவே ஆட்டப் போனேன். பாடம் படித்தவளுக்கு ஒரு பணிவு வரும் பாருங்கள், அது வந்துவிட்டது. பாதித் தலை ஆடியபோது ஏதோ உறுத்தியது. புல்வெளியில் நான் முன்னால் போக வேண்டியவள்தான். என் அடி எவ்வளவு தூரம் போகும் என்று ஊரே பார்த்தது. இங்கே எதைப் பார்த்துச் சொல்கிறார்?

“சேர், அங்க நான் பந்த ஓடையில போட்டேன், நீங்க பாத்தீங்க. இங்க எந்தப் பந்து ஓடையில விழுந்துச்சு? ஒண்ணு காட்டுங்க, நான் முன்னுக்குப் போறேன்.”

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்தார். நான் பாஸ் பண்ணி அனுப்பிய சரக்கு ஒன்றுகூட அதுவரை திரும்பி வந்ததில்லை, அது அவருக்கும் தெரியும். பாஹிம்தான் பேசினார். மிளகு விற்கச் சொன்னால் விற்பேன், தரம் பார்க்க எனக்கு ஏலா சேர், கலாவைக் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவு நாளும் ஓட்டினேன் என்றார். இடத்தை விட்டுக்கொடுப்பதாக அவர் அதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை ஓடையைப் பார்த்துச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

வியாழக்கிழமை மனேஜர் அறையின் சாவி என் மேசையில் இருந்தது.

முன்னால் நில் என்று சொல்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. நீ அடிப்பதைப் பார்த்துச் சொல்கிறவர்கள் ஒரு வகை, நீ யார் என்று பார்த்துச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. பிரச்சினை என்னவென்றால் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள், அதே அன்போடு. சனிக்கிழமை ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டு ஓடையை நிரப்பினேன். திங்கட்கிழமை தலைகீழாக எடுத்துக்கொண்டு நாற்காலியை விட இருந்தேன். இன்றைக்கும் கேட்டவுடன் எனக்குப் பிரித்துப் பார்க்க வராது. மிளகு எவ்வளவோ சுலபம்.

வீட்டில் அந்தக் கேள்வி நிலைத்துவிட்டது. சாம்பாரில் நீ உப்புப் போடாதே என்று அப்பா என்னிடம் சொன்னாலும், கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிள் டயர் மாற்ற உன்னால் ஆகாது என்று வீட்டுக்காரர் சொன்னாலும், எந்தப் பந்து ஓடையில விழுந்துச்சு என்று அம்மா கேட்பார். வருகிற விருந்தாளிகளுக்கு முழுக் கதையும் நடித்துக் காட்டப்படும். நான் காற்றை அடிக்கிற இடத்தை அப்பா செய்வார், கரண்டியோடு.

போன மாதம் என் மகள், பத்து வயது, புலமைப்பரிசில் வகுப்புக்குத் தனியாக சைக்கிளில் போகிறேன் என்றாள். ஒரு வருஷமாகத் தன் அப்பாவுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போகிறவள், ஒரு நாளும் விழுந்ததில்லை. நான் அடுப்படியில் நின்றபடியே சொன்னேன்.

“இன்னும் கொஞ்ச நாள் அப்பாவோட போம்மா. பொம்பளப் புள்ள.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் எந்தப் பந்தம்மா ஓடையில போட்டேன்?”

என் அம்மா சிரிக்கவில்லை, என்ன சொல்லப் போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். அவள் திருப்பத்தைக் கடக்கிறவரை நான் வாசலில், அன்று மின்விசிறியைப் பார்த்த முதலாளியின் முகத்தோடு நின்றேன்.